கடற்சுவருக்குப் பின்னால் வந்த வெள்ளம்

ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில், டெக்ஸாஸ் மாநிலத்தின் கரையோரமாக, கால்வெஸ்டன் என்னும் தீவு கிடக்கிறது. அதன் நீளம் 27 மைல். அகலமோ மிக விரிந்த இடத்திலும் 3 மைலைத் தாண்டாது. கடல் காலங்காலமாகக் கொணர்ந்து குவித்த மணலாலான திட்டு அது. தென்புறத்தில் மெக்சிக்கோ வளைகுடா அலையெறிகிறது. வடபுறத்தில், பெருநிலத்துக்கும் தீவுக்கும் நடுவே, கால்வெஸ்டன் குடா என்னும் ஆழங்குறைந்த நீர்ப்பரப்பு ஒரு களப்பைப் போல அமைந்திருக்கிறது. தீவுக்கு முகம் வளைகுடா, முதுகு குடா. அந்த முகத்தைக் காப்பதற்குத் தீவு மக்கள் செய்த முயற்சி உலகப் பிரசித்தமானது. 2008ஆம் ஆண்டில் வந்த ஐக் என்னும் சூறாவளியோ முதுகுப்புறமாக ஏறி வந்தது. அன்று நீரில் மூழ்கியவற்றுள் பழைய ஆகாயவிமானங்களைப் பேணிவந்த நூதனசாலை ஒன்றும் அடங்கும். அதன் கதையை விளங்கிக்கொள்வதற்கு நூறாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கால்வெஸ்டன் செல்வம் கொழித்த துறைமுகமாக விளங்கியது. பருத்தி ஏற்றுமதியே அச்செல்வத்தின் ஊற்று. ஏறத்தாழ 38,000 மக்கள் அங்கு வாழ்ந்தனர். நகரின் மிக உயர்ந்த இடம்கூடக் கடல்மட்டத்துக்கு மேல் 9 அடி உயரமில்லை. கடலரண் ஒன்று வேண்டும் என்ற பேச்சு இடையிடையே எழுந்து அடங்கிற்று. வானிலை அவதான அலுவலகத்துக்குப் பொறுப்பாயிருந்த ஐசக் கிளைன் என்பவர், சூறாவளியால் இந்நகருக்குப் பெருங்கேடு விளையும் என எண்ணுவது வெறும் மருட்சி என்று 1891இல் பத்திரிகையில் எழுதினார். ஒன்பது ஆண்டுகள் சென்றன. 1900 செப்டெம்பர் 8ஆந் திகதி கடல் 15 அடிக்கு மேல் எழுந்து ஊருக்குள் புகுந்தது. 3,600க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. மாண்டவர் தொகையை 8,000 என்று பொதுவாகக் கூறுவர். 6,000 என்பாரும் உளர், 12,000 என்பாரும் உளர். கிளைனின் மனைவியும் மாண்டவருள் ஒருவர். புனித மரியாள் அநாதை இல்லத்துக் கன்னியர், துணி உலர்த்தும் கயிறுகளால் பிள்ளைகளைத் தம்மோடு பிணைத்துக்கொண்டனர். கன்னியர் பதின்மரும் பிள்ளைகள் 90 பேரும் கடலோடு போயினர். மூன்று சிறுவர் மட்டுமே பிழைத்தனர். ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்றில் இயற்கைச் சீற்றம் ஒன்றினால் இத்தனை உயிர்கள் மாண்டது அதற்கு முன்னும் இல்லை; பின்னும் இல்லை.

ஊரைக் கைவிட்டுப் பெருநிலம் செல்வோம் என்று பெரும்பாலோர் முடிவு செய்திருப்பின் அதிலே வியப்பதற்கு ஒன்றுமில்லை. அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. ஹென்றி றொபேட், அல்பிரட் நோபிள், எச். சி. றிப்ளி ஆகிய பொறியியலாளர் மூவரை அழைத்து, ஊரைக் காக்க வழி கூறுமாறு கேட்டனர். (கூட்டங்களை ஒழுங்காக நடாத்துவதற்கான விதிகளை நூலாக எழுதி, சங்கங்களின் செயலாளர் பலருக்கு இன்றும் வழிகாட்டியாக இருப்பவர் இந்த றொபேட்தான்.) மூவரும் கூறிய வழி இரு பகுதிகளையுடையது. முதலாவது, வளைகுடாவை நோக்கி 17 அடி உயரமான கொங்கிறீற்றுச் சுவர். அலை வந்து மோதும்போது மேலே திரும்பி விழத்தக்கவாறு அதன் முகம் உள்வளைவாக அமைந்தது. 1902இல் தொடங்கிய வேலை, மூன்று மைலுக்குச் சற்று மேற்பட்ட முதற்பகுதியுடன் 1904இல் நிறைவெய்தியது.

இரண்டாவது பகுதி இதனினும் துணிகரமானது, ஊரையே உயர்த்துவது! 1903 முதல் 1911 வரை அவ்வேலை நடந்தது. நகருக்குள்ளே கால்வாய் வெட்டி, மண்வாரிக் கப்பல்களை அதன் வழியே உள்ளே கொண்டுவந்தனர். கடலடி மணலை நீரோடு கலந்து குழாய்களினால் தெருத்தெருவாகப் பாய்ச்சினர். நீர் வடிந்தது, மணல் தங்கியது. அதற்கு முன்பாக 2,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் திருகி உயர்த்தும் ஜக்குகளினால் தூக்கி நிறுத்தப்பட்டன. 3,000 தொன் எடையுள்ள புனித பத்திரிக்கு தேவாலயம், 700 ஜக்குகளின் மேல் ஐந்து அடி உயர்ந்தது. மக்கள் உயரமான பலகைப் பாதைகளின் மேல் நடந்து கடைக்கும் பள்ளிக்கும் சென்றனர். உப்பு மணலின் கீழ் புதைந்த மரஞ்செடிகள் பட்டுப்போயின. வேலை முடிந்தபின் தெருவோரங்களில் ஓக் மரக்கன்றுகளை நட்டனர். அக்கன்றுகளைப் பின்னர் மீண்டும் சந்திக்க நேரும்.

இந்த வேலையில் பொறியியலாளர் வகுத்த ஒரு கணக்கை நினைவில் வைத்தல் வேண்டும். சுவரை ஒட்டிய நிலமே உயரமானது. அங்கிருந்து வடக்கே குடாவை நோக்கி, 1,500 அடிக்கு ஓர் அடி வீதம் நிலம் சரிந்து செல்லுமாறு அமைத்தனர். சுவரைத் தாண்டி விழும் நீரும் மழைநீரும் குடாப் பக்கமாக வடிந்து போவதற்கே இந்த ஏற்பாடு. அதாவது, தீவின் முதுகு தாழ்ந்திருப்பது தற்செயலன்று, வடிகாலுக்காக வகுக்கப்பட்டதாகும். 1915இல் மற்றுமொரு கடுஞ்சூறாவளி வந்தது. சுவர் தாங்கியது, 1900இல் நேர்ந்தது போன்ற பேரழிவு நகருக்கு நேரவில்லை. சுவரின்மேல் மக்கள் கொண்ட நம்பிக்கை அன்று வேரூன்றியது. பின்வந்த காலங்களில் அச்சுவரை மேற்கே நீட்டிக்கொண்டே சென்றனர். 1963 அளவில் அதன் நீளம் 10 மைல் ஆயிற்று.

அவ்வாறு நீண்ட சுவருக்குப் பின்னால், குடாப் பக்கத்து நீரோடையொன்றின் அருகே, ஸ்கோல்ஸ் விமான நிலையம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அது படைத்தளமாக விளங்கியது. அக்காலத்தில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மெக்சிக்கோ வளைகுடாவுக்குள்ளேயே புகுந்து எண்ணெய்க் கப்பல்களைத் தாக்கின. போர் முடிந்தபின் நகரத்தின் விமான நிலையமாக எஞ்சிய அவ்விடம், கடல்மட்டத்துக்கு மேல் ஆறு அடி உயரத்தில் உள்ளது. 1990ஆம் ஆண்டில் அங்கே ‘லோன் ஸ்டார் விமான நூதனசாலை’ திறக்கப்பட்டது. றொபேட் வோல்ட்றிப் என்னும் செல்வர் 1980களில் சேர்க்கத் தொடங்கிய பழைய விமானங்களே அதன் முதல். டெக்ஸாஸ் மாநிலத்து வானோடிகளின் புகழைப் பேணும் மண்டபமும் பின்னர் அங்கேயே இடம்பெற்றது.

‘பறக்கும் கோட்டை’ எனப் பெயர் பெற்ற பி-17 குண்டுவீச்சு விமானம் அங்கிருந்தது. பி-25 வகை விமானமும் இருந்தது. இந்த பி-25 வகையைப் பற்றி இலங்கையர் நினைவுகூரத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1942 ஏப்ரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பைத் தாக்கியது ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பற்படை. அப்படை நாடு திரும்பிக்கொண்டிருந்த வேளையில், ஏப்ரல் 18ஆந் திகதி, டூலிட்டில் என்பார் தலைமையில் டோக்கியோவின் மேல் குண்டு வீசிய 16 விமானங்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

பழைய விமானங்களைப் பேணுவோரிடையே நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. அரிய விமானத்தைப் பறக்கவிடுதல் அடாது, விழுந்தால் அழிந்துவிடும், ஆதலால் கொட்டகைக்குள் அசையாது வைத்திருத்தலே காப்பு என்பது ஒருசார்க் கருத்து. எஞ்சின் முழங்க வானில் எழாத விமானம் வெறும் உலோகக் கூடு என்பது மறுசார்க் கருத்து. கால்வெஸ்டன் நூதனசாலை இரண்டாவது கருத்தைச் சார்ந்தது. தன் விமானங்களுட் பலவற்றை அது பறக்கும் நிலையிலேயே வைத்திருந்தது. முதற் கருத்தே பாதுகாப்பானது என்று பொதுவாக யாருக்கும் தோன்றும். ஐக் சூறாவளி இவ்வழக்கைத் தலைகீழாக்கிற்று.

2008 செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில் ஹெயிற்றியிலும் கியூபாவிலும் உயிர்களைக் கொன்ற பின்னர் ஐக் வளைகுடாவுக்குள் நுழைந்தது. காற்றின் வேகத்தைக் கொண்டு சூறாவளிகளை ஐந்து தரமாக வகுப்பது அமெரிக்க வழக்கம். ஐக் கரையைத் தொட்டபோது அதன் காற்று மணிக்கு 110 மைல். ஆகவே இரண்டாந் தரம். இந்த இரண்டு என்னும் எண்தான் பலரை ஏமாற்றிற்று. மூன்றாந் தரமும் நான்காந் தரமும் பற்றிக் கேட்டுப் பழகியோர், இரண்டுக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடுவதா என எண்ணினர். ஆனால் ஐக் பரப்பிலே மிகப் பெரியது. சூறாவளி வேகத்துடன் வீசிய காற்று அதன் மையத்திலிருந்து நூறு மைலுக்கு மேலும் பரந்திருந்தது. இத்துணைப் பெரும் பரப்பில் நெடுநேரம் வீசும் காற்று, கடலின் மேலே அலையை மட்டும் எழுப்புவதில்லை. கடலையே கரைமேல் திரட்டி ஏற்றிவிடும். தாழ்ந்த கரையில் ஒற்றைத்தட்டு, இரட்டைத்தட்டு வீடுகளில் தங்குவோர் சாவது திண்ணம் என்னும் பொருள்பட வானிலை அலுவலகம் எச்சரித்தது. அப்படியிருந்தும் பல்லாயிரவர் தீவிலேயே தங்கிவிட்டனர். இந்த அனுபவத்துக்குப் பின், 2010 முதல், அந்தத் தர அளவு காற்றை மாத்திரமே குறிக்கும் என்று திருத்தப்பட்டு, கடற்பெருக்கு அதிலிருந்து பிரிக்கப்பட்டது.

வெள்ளம் புயலுக்கு முன்னரே வந்தது. செப்டெம்பர் 12ஆந் திகதி வெள்ளிக்கிழமை காலையில், சூறாவளியின் மையம் நெடுந்தொலைவில் இருந்தபோதே, தாழ்ந்த வீதிகளில் நீர் ஏறிவிட்டது. கரைக்குச் சமாந்தரமாக நெடுநேரம் வீசிய காற்று கடலைக் கரையோரமாகத் தள்ளிக் குவித்ததே இதற்குக் காரணம் என ஆய்வாளர் பின்னர் விளக்கினர். அந்நீர் தீவின் இரு முனைகளிலும் உள்ள கடல்வாய்களினூடே குடாவினுள் புகுந்து அதனை நிரப்பிற்று. 13ஆந் திகதி அதிகாலை 2 மணி அளவில் ஐக் கால்வெஸ்டன் கரையைக் கடந்தது. மையம் நெருங்கிவரும் வேளையில் நகரின்மேல் வீசியது வடகாற்று. நிரம்பி நின்ற குடாவின் நீரை அக்காற்றுத் தெற்கே உந்திற்று. தெற்கே இருந்தது தீவின் முதுகு. நூறாண்டின் முன்னர் வடிகாலுக்கெனச் சரித்த நிலத்தின் மேல், வடியவேண்டிய நீர் எதிராக ஏறி வந்தது. கடற்சுவர் தன் வேலையைச் செவ்வனே செய்தது. அதன் மேல் அலைகள் மோதி வானளாவச் சிதறின, கற்கள் உருண்டன, ஆனால் சுவர் அசையவில்லை. ஊர் நனைந்தது அவ்வழியாலன்று.

விமான நூதனசாலைக்குள் ஏறத்தாழ எட்டு அடி நீர் நின்றது. பறக்கக்கூடிய விமானங்கள் பல புயலுக்கு முன்பே தீவை விட்டுப் பறந்துபோயிருந்தன. பி-17, பி-25 ஆகிய இரண்டும் தப்பின. பின்னரும் பல ஆண்டுகள் வானில் எழுந்தன. பறக்க இயலாதவையும், திருத்த வேலைக்காகப் பிரித்துவைத்தவையும், காட்சிக்கென அசையாது நிறுத்தப்பட்டவையும் கொட்டகைக்குள் மூழ்கின. அசையாது வைத்திருத்தலே காப்பு என்ற வாதம் அன்று இரவு பொய்த்தது.

விமானத்துக்கு உப்புநீர் செய்யும் கேடு, கப்பலுக்குச் செய்வதினும் கொடியது. கப்பலின் இரும்பு தடித்தது. அது துருவை நெடுங்காலம் தாங்கும். விமானத்தின் உடலோ மெல்லிய அலுமினியத் தகடுகளை ஆணியிட்டு இணைத்தது. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே புகுந்த உப்பு, நீர் வடிந்தபின்னும் அங்கேயே தங்கி உலோகத்தை உள்ளிருந்து அரிக்கும். அலுமினியமும் உருக்கும் ஒன்றையொன்று தொடும் இடங்களில் உப்புநீர் பட்டால், அங்கே ஒரு மின்கலம் அமைந்தாற்போல அலுமினியம் கரையத் தொடங்கும். சில்லுகளிலும் எஞ்சின் உறைகளிலும் பயின்றுவரும் மகனீசியக் கலப்புலோகம் இன்னும் விரைவாகக் கெடும். வேகமும் உயரமும் காட்டும் கருவிகளுக்குள் சேறு புகுந்தால் அவற்றைக் கழற்றி ஒவ்வொன்றாகச் சுத்திகரிக்க வேண்டும். எனவே வெள்ளம் வடிந்த உடனே செய்யவேண்டிய முதல் வேலை நன்னீரால் கழுவுவதாகும். அதற்குத் தேவையான நன்னீர், மின்சாரமும் குடிநீரும் அற்றுப்போன ஊரில் எங்கிருந்து வரும்? கழுவுவதற்கு ஆட்கள்தாம் எங்கே? தீவு மக்கள் வீடு திரும்புவதற்கு அனுமதி கிடைத்ததே செப்டெம்பர் 24ஆந் திகதி. அதற்குள் உப்பு தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

திரும்பி வந்தோர் கண்ட காட்சியைச் சுருங்கக் கூறலாம். நகரத்து வீடுகளுள் ஏறத்தாழ முக்காற்பங்கு வெள்ளத்தால் சேதமுற்றிருந்தது. கிழக்கே, கடல்வாய்க்கு அப்பாலுள்ள பொலிவர் முனையில், சுவர் ஏதும் இல்லாத காரணத்தால் சில குடியிருப்புகள் தடமின்றிப் போயின. ஐக்கினால் ஐக்கிய அமெரிக்காவில் நேரடியாக மாண்டவர் 20 பேர். 1900இன் எண்ணிக்கையோடு ஒப்பிடுவோர்க்கு இது சிறு தொகையாகத் தோன்றலாம். முன்னறிவித்தலும் வாகனங்களும் பெருநிலத்துக்குச் செல்லும் பாலமும் செய்த நன்மை அது. ஆனால் உயிரோடு வெளியேறிய ஊரவர் அனைவரும் திரும்பி வந்து வாழவில்லை. 2000ஆம் ஆண்டின் குடிமதிப்பில் 57,247 ஆக இருந்த நகர மக்கட்டொகை, 2010இல் 47,743 ஆகக் குறைந்தது. பத்தாயிரம் பேர் அளவில் தீவு இழந்துவிட்டது.

எவர் திரும்பவில்லை என்பதிலேதான் இவ்வரலாற்றின் வேதனை அடங்கியிருக்கிறது. 1891 முதல் நகரின் பெருமையாக விளங்கிய மருத்துவக் கல்லூரியும் அதன் வைத்தியசாலையும் நீரினால் முடங்கின. 2008 நவம்பரில், 3,800 வரையிலான பதவிகளைக் குறைப்பதற்குப் பல்கலைக்கழக நிருவாக சபை அனுமதியளித்தது. தாதியரும் எழுத்தரும் துப்புரவாளரும் பிறவூர்களில் வேலை தேடினர். வறியோருக்கென அரசு கட்டிய குடியிருப்புகள் பெரும்பாலும் தீவின் தாழ்ந்த வடபகுதியிலே இருந்தன. அவற்றில் 569 வீடுகள் சிதைந்து, பின்னர் இடித்துத் தள்ளப்பட்டன. அவற்றைத் திரும்பக் கட்டவேண்டுமா என்பது பற்றி ஊரில் மூண்ட வழக்கு, வெள்ளத்தினும் நீண்ட காலம் நின்றது. 2012ஆம் ஆண்டு நகரபிதா தேர்தலில் அதுவே பெரிய விவகாரமாயிற்று. கட்டத் தேவையில்லை என்போர் நகரின் செழிப்பைக் காரணம் காட்டினர். ஆனால், அந்த வீடுகளில் வாழ்ந்தோர் பெரும்பாலும் கறுப்பின மக்கள். தலைமுறை தலைமுறையாகத் தீவில் உழைத்தவர்கள். பறக்கத் தெரிந்த விமானங்களுக்கு மீண்டும் இறங்குவதற்கு ஓர் ஓடுபாதை இருந்தது. இவர்களுக்கோ திரும்பி வரும் இடம் பல ஆண்டுகளுக்கு வெறும் புற்றரையாகவே கிடந்தது.

ஊரை உயர்த்தியபின் நட்ட ஓக் கன்றுகள் நூறாண்டில் பெருவிருட்சங்களாகிப் பிரதான வீதிகளின் மேல் பந்தலிட்டிருந்தன. வேரிலே உப்புநீர் நின்றமையால், அடுத்த வேனிலில் அவற்றுட் பல தளிர்க்கவில்லை. தீவிலே அழிந்த மரங்களின் தொகை ஏறத்தாழ 40,000 என மதிப்பிட்டனர். வெட்டி அகற்ற வந்தபோது, வீட்டு முற்றத்து அடிமரங்களை மட்டும் விட்டுவைக்குமாறு சிலர் வேண்டினர். சிற்பிகளை அழைத்து அவற்றில் நாய், கொக்கு, தேவதை, கடற்கன்னி என விரும்பிய உருவங்களைச் செதுக்குவித்தனர். அச்சிற்பங்களைக் காண்பதற்கென்றே பின்னர் உல்லாசப் பிரயாணிகள் வந்தனர்.

நூதனசாலை கால்வெஸ்டனிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் அதனை நடாத்தியோர் மனத்தில் ஐயம் புகுந்துவிட்டது. ஆறு அடி உயரத்து நிலத்தில், மறுபடி கிடைத்தற்கரிய பொருள்களை வைத்திருப்பது தகுமா? கடைசியில் அவர்கள் தீவை விட்டுப் போக முடிவு செய்தனர். ஹூஸ்டன் நகரின் தென்கிழக்கே, 1917இல் முதலாம் உலகப் போரின்போது விமானிகளைப் பயிற்றுவதற்காக அமைந்த எலிங்டன் விமானத்தளத்தில் புதிய கட்டடம் எழுந்தது. அவ்விடம் கடல்மட்டத்துக்கு மேல் 32 அடி. திறப்புவிழாவுக்குக் குறித்த காலம் 2017 செப்டெம்பர். அதற்குச் சில நாட்களின் முன், ஓகஸ்ட் இறுதியில், ஹாவி என்னும் சூறாவளி ஹூஸ்டன் மாநகர்மேல் பல நாள் மழையைக் கொட்டிப் பேரளவான வெள்ளத்தை உண்டாக்கிற்று. இம்முறை நீர் கடலிலிருந்து வரவில்லை, வானிலிருந்தே வந்தது. அயலூர்கள் மூழ்கின. இருப்பினும் நூதனசாலை அந்தச் செப்டெம்பரிலேயே தன் கதவுகளைத் திறந்தது.

விட்டுச்சென்றோரைக் குறைகூற இயலாது. காப்பதற்கென்றே அமைந்த நிலையம், காக்கவியலாத இடத்தில் இருப்பதில் பொருளில்லை. எனினும் கால்வெஸ்டன் சிறுவர்க்கு ஞாயிறு தோறும் தலைக்கு மேல் முழங்கிச் சென்ற பழைய எஞ்சின்களின் ஒலி இல்லாமற்போயிற்று. பெறுமதியான பொருள் மேட்டுக்கு ஏறிவிட, மக்கள் பள்ளத்திலேயே இருக்கின்றனர் என்று தீவில் எவரேனும் கூறியிருப்பின் அதனை மறுப்பது எளிதன்று.

அம்மக்களைப் பற்றிய யோசனையும் அதே புயலில் பிறந்ததுதான். 2009இல், கால்வெஸ்டனிலுள்ள டெக்ஸாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் வில்லியம் மெரல், கடல்வாயின் குறுக்கே மாபெரும் கதவுகளை அமைத்துப் புயல்நீரைக் குடாவுக்குள் புகவிடாது தடுக்கலாம் என்று முன்மொழிந்தார். அதனை ஊரார் ‘ஐக் அணை’ என்று அழைத்தனர். இராணுவப் பொறியியலாளர் படை பல ஆண்டுகள் ஆராய்ந்து அதை விரிந்த திட்டமாக வகுத்தது. மதிப்பிட்ட செலவு 34 பில்லியன் டொலர். 2022 டிசெம்பரில் அதற்கு ஐக்கிய அமெரிக்கச் சட்டமன்றத்தின் அங்கீகாரம் கிடைத்தது. கடல்வாய்க் கதவுகளோடு, நகரைக் குடாப் பக்கமாகச் சூழ்ந்து செல்லும் தடுப்பு ஒன்றும் அத்திட்டத்தில் அடங்கும். முன்பக்கத்துக் கடற்சுவரின் நீளம் 10 மைல். முதுகைக் காக்கும் இந்த வளையத்துக்கு வகுத்த நீளம் ஏறத்தாழ 18 மைல்.